புகார்த் தாள்

"நீ ஒழுங்காப் பாத்துக்கிட்டிருந்தா என் தம்பி வாய் இப்படி வெந்து போயிருக்குமாம்மா?"

கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில், பத்துப் பேர் பார்க்க, கணவரின் அண்ணன் கேட்ட கேள்வியில் அவள் கூனிக் குறுகிப் போனாள்.

தையல்காரரான கணவருக்கு நாக்கு ஓரத்தில் புற்றுநோய். நாலு வாரமாகக் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கிறார்கள். வாய்ப்புண் எல்லோருக்கும் வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் இவருக்கு வந்தது கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர்கூட இறங்கவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. புண் ஆறும்வரை கரண்டை நிறுத்திவைப்பதாக இன்று காலை டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் நோய்க்குத்தான் கொண்டாட்டம் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் என்ன குறை வைத்தாள்? உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொப்பளிக்க வைத்தாள். மறந்துபோகுமே என்று செல்போனில் மணி வேறு. பல் தேய்க்கச் சின்னக் குழந்தைகளின் பிரஷ். சாப்பாட்டைக் காரமில்லாமல் மசித்து, ஆறவைத்து ஊட்டினாள்.

கொப்பளிக்க வைத்ததை அவள் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் மறித்தார். "கொப்பளிக்க வெச்சியாக்கும்! தினமும் சாயங்காலம் நான் வந்து காலாற நடக்கக் கூட்டிட்டுப் போகலேன்னா, இவன் எப்பவோ படுத்த படுக்கையாயிருப்பான்."

ஒரு வேளையாவது ஊட்டியிருப்பாரா இந்த மனிதர்?

அதற்குள் அவர் நர்ஸ் பக்கம் திரும்பியிருந்தார். இங்கே யாருக்கும் பொறுப்பில்லை, எல்லோரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன் என்று குதித்தார். எழுதிக் கொடுக்கப் புகார்த் தாள் கேட்டார்.

நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"நோயாளி கையாலதான் எழுதணும் சார்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பியின் மடியில் அண்ணன் தாளை வைத்தார். "எழுதுடா. யார் யார் கவனிக்கலேன்னு ஒண்ணு விடாம எழுது."

கணவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, துணியில் கோடு போடுகிற அதே நிதானத்தோடு எழுதினார்.

அண்ணன் தாளைப் பிடுங்கி, எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படித்தார்.

"என் மனைவி மேலயும் சிஸ்டர் மேலயும் ஒரு குறையும் இல்லை. அண்ணே..."

குரல் அங்கேயே நின்றது. மீதியை அவள் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

'...இனிமே நடக்கக் கூட்டிட்டுப் போறப்போ சிகரெட் வாங்கித் தராதீங்க. என்னால வேண்டாம்னு சொல்ல முடியல.'