பெடலில் கட்டிய கயிறு

காலை வெயில் யன்னலால் சரிந்து, கிளிநொச்சிப் பொறியியல் பீட விரிவுரை மண்டபத்தின் நடுவே நிற்கும் நிருஷனின் பழைய சைக்கிளில் விழுகிறது. அதைச் சாயாமல் ஒருவன் பிடித்திருக்க, கீழ்ப்பெடலில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி பின்சில்லுக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருக்கிறார் விரிவுரையாளர் விமலேஸ்வரி. "நான் பின்னுக்கு இழுத்தால் சைக்கிள் எங்க போகும்? ஒருத்தரும் எழுதவேண்டாம். பக்கத்தில இருக்கிற ஆளோட கதையுங்கோ." முதலாம் வருடத்தார் விழிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பௌதிகவியல் வகுப்பில் கதைத்தால் அடி விழும் என்றே பழகி வந்தவர்கள். பிறகு மண்டபம் சந்தையாகிறது. நிருஷனின் விரல் பழக்கதோஷத்தில் மேசையில் சமன்பாடு எழுதுகிறது. "முன்னுக்குத்தான். உழக்கேக்க கீழ்ப்பெடல் பின்னுக்குத்தானே போகுது?" மூன்று மாதமாக வாய் திறக்காத பஸ்லியா பக்கத்திலிருந்து இல்லையென்று தலையாட்டுகிறாள். "உழக்கேக்க நீங்கள் சைக்கிளில இருக்கிறியள். மெடம் நிலத்தில எல்லோ இருக்கிறா." "என்ர சைக்கிளைப் பற்றி எனக்கே பாடமோ?" என்று சிரிக்கிறான் அவன். முன்னுக்கு என்று மண்டபமே கை உயர்த்துகிறது. பின்னுக்கு என்று ஒரேயொரு கை, பஸ்லியாவின் நீளக் கைச்சட்டைக்குள்ளிருந்து விரல்நுனி மட்டும் தெரிய. கயிறு இறுகுகிறது. சைக்கிள் கடகடவென்று விமலேஸ்வரியின் மடியை நோக்கிப் பின்னால் வருகிறது. மண்டபம் அதிர எழும் கூச்சலில் உரத்த குரல் நிருஷனுடையது. தான் இருந்த வாங்கைத் தாண்டிக் குதித்து ஓடி, அந்தப் பெடலை இன்றைக்குத்தான் முதன்முதல் காண்பவன் மாதிரி முழங்காலில் நின்று பார்க்கிறான். "மெடம், இன்னொருக்கா இழுங்கோ!" பஸ்லியா இறங்கி வந்து கயிற்றை வாங்கி அவனிடம் நீட்டுகிறாள். "இப்ப கரியரில ஏறி இருந்து இழுத்துப் பாருங்கோ." அவன் ஏறி இழுக்கிறான். சைக்கிள் முன்னால் போகிறது, வாய் பிளந்த அவனையும் ஏற்றிக்கொண்டு.