நூற்று எண்பத்து நான்கு தட்டுகள்

சத்துணவு அதிகாரி மூன்றாவது தடவையாகப் பிள்ளைகளின் தலைகளை எண்ணினார். நூற்று எண்பத்து நான்கு. பதிவேட்டிலும் அதே எண்தான்.

“இன்னும் சந்தேகமா மேடம்?” தலைமையாசிரியர் கைகட்டி நின்றார்.

அதிகாரியின் கைப்பையில் ஒரு தாயின் கடிதம் இருந்தது. ‘மதியம் அரை வயிற்றுக்குத்தான் போடுகிறார்கள். என் மகள் பசியோடு வீடு திரும்புகிறாள்.’ முந்தைய மூன்று கடிதங்களையும் கோப்பில் போட்டு மூடிவிட்டார்கள். நான்காவதை இவர் விடவில்லை. ஆனால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சோதனைக்குப் போக வேண்டும் என்பது விதி. மேலிடத்தில் எவ்வளவோ மன்றாடியும் அதை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை.

பிள்ளைகள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். சோறு, பருப்பு, ஆளுக்கொரு முட்டை. கேட்டவர்களுக்கு இன்னொரு கரண்டி. அதிகாரியும் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். குறை சொல்ல நாக்கு வரவில்லை.

எச்சில் தட்டோடு எழுந்த ஒரு வாண்டு அவரிடம் வந்து கேட்டது. “மிஸ், கை கழுவ எங்க போகணும்?”

“உங்களைப் பார்த்த பயத்துல பயலுக்குப் பள்ளிக்கூடமே மறந்துபோச்சு!” தலைமையாசிரியர் சிரித்தபடி அவனைக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்.

அதிகாரி இருப்பறையில் மூட்டைகளை எடைபோட்டார். ஒரு பிடி அரிசிகூடக் குறையவில்லை. ஏதோ உறுத்தியது. உறுத்தலை எழுதப் படிவத்தில் இடம் ஏது? ‘அனைத்தும் சரி’ என்று இரண்டு பிரதியிலும் கையெழுத்திட்டார். ஒன்றைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வாசலில், வேலைக்குப் போகிற அவசரத்தோடு ஒரு பெண் காத்திருந்தாள். “அம்மா, கடுதாசி போட்டது நான்தாங்க. ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?”

அதிகாரிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. “எல்லாத்தையும் அலசிட்டேம்மா. ஒரு தப்பும் கிடைக்கல. அத்தனை பிள்ளைங்களும் என் கண்ணு முன்னாடிதான் வயிறு முட்டச் சாப்பிட்டாங்க. உங்க பொண்ணும் சாப்பிட்டிருப்பா.”

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு தன் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருந்த சிறுமியை மெல்ல முன்னால் இழுத்தாள்.

“இவதாங்க என் பொண்ணு. நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் லீவு விட்டுட்டாங்களே!”