உள்ளே போன டிஸ்க் டிரைவர்

கணினியைக் கட்டி மேய்க்கும் கர்னலம்மாளுக்கு வீடு நிறைய டிரைவர்கள், பாகத்துக்கு ஒரு வேலையாள். திரைக்கு ஒருவன், ஒலிக்கு ஒருவன், எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் டிஸ்க்கைத் திறந்து மூட ஒருவன்.

"கால் நீட்ட இடமில்ல. எல்லாரும் டிஸ்க்குக்குள்ள போய்ப் படுங்க. வேணுங்கிறப்போ கூப்பிடறேன்," என்றாள் ஒருநாள்.

டிஸ்க் டிரைவர் மட்டும் தயங்கி நின்றான். "அக்கா, நானுமா?"

"ஏன், நீ மட்டும் வீட்டு மாப்பிள்ளையா?"

ஒலிக்காரன் சிரித்தான். டிஸ்க் டிரைவர் எல்லாருக்கும் பின்னால் உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கணினியும் அணைந்தது.

மறுநாள் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். கர்னலம்மாள் கண் விழித்தாள். வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்ததில் அவளுக்கு அத்தனை பெருமை. இனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலையைத் தொடங்க வேண்டியதுதான். "டிஸ்க்கைத் திறப்பா," என்றாள் பழக்கத்தில்.

யாரும் வரவில்லை. அவளே தள்ளிப் பார்த்தாள். கதவு அசையவில்லை.

"நான் உள்ளே இருக்கேன் அக்கா," என்றது ஒரு மெல்லிய குரல். "வெளியே நின்னாத்தான் திறக்க முடியும்."

திரைக்காரனும் உள்ளேதான். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. வெளியே யாரோ பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தும் சத்தம் கேட்டது.

உள்ளே ஒலிக்காரன் புரண்டு படுத்தான். "என்னப்பா, அக்கா கூப்பிட்டாங்களா?"