மலை உச்சியில் ஒரு கையெழுத்து

போன் காட்டிய அம்பு ஒரு பக்கம் போனது. குழாய் ரிப்பேர் செய்தே தலை நரைத்த குழாய்க்காரர் இன்னொரு பக்கம் போனார்.

அம்பை நம்பிப் போன அவருடைய சம்பந்தி பாறைக்கு அந்தப் புறம் முள்ளில் மாட்டிக்கொண்டு, "சம்பந்தி, இங்கதான் எங்கயோ காட்டுது" என்று கத்திக்கொண்டிருந்தார்.

குழாய்க்காரர் பதில் சொல்லவில்லை. சொன்னால் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

உச்சியில் இவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. நாலு மணி நேர ஏற்றம். முட்டி இரண்டும் கழன்று தனியாகப் பின்னால் வருவது போல இருந்தது.

எல்லாம் மாப்பிள்ளையின் வேலை. உலகம் முழுக்க வேலைவெட்டி இல்லாதவர்கள் காட்டிலும் மலையிலும் டப்பாவை ஒளித்து வைக்கிறார்களாம். இடத்தைப் போனில் போடுகிறார்களாம். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்களாம்.

பூட்டு கிடையாது. காவல் கிடையாது. வாசலில் விட்ட செருப்பு திரும்பி வரும்போது இருக்காத காலத்தில்!

பேத்தி பிறந்து நாலு மாதம். இன்னும் பெயர் வைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் நான், நான்தான் வைப்பேன் என்று இவர். பையனைப் பெற்றவன் நான், நான்தான் வைப்பேன் என்று அவர். குழந்தை பாட்டுக்குப் பாப்பாவாகவே வளர்ந்துகொண்டிருந்தது.

பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை, போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏறி ஒரு புது டப்பாவை ஒளித்துவிட்டு வந்தார். நோட்டில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் பாப்பாவுக்குப் பெயர். படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

தன் அப்பாவிடம் இடத்தை முன்கூட்டியே சொல்லியிருப்பார் என்று குழாய்க்காரருக்குச் சந்தேகம். முள்ளில் கிடந்து கத்துகிற மனிதரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நடிப்பாகவும் இருக்கலாம்.

அவர் கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

எல்லாக் கல்லுக்கும் பாசி மேலே இருந்தது. ஒரே ஒரு கல்லுக்குப் பாசி அடியில் இருந்தது.

புரட்டினார். டப்பா.

குச்சியால் தட்டினார். குலுக்கினார். முகர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தார். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு பிளாஸ்டிக் தவளை.

முதல் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஜெயித்தாயிற்று!

பென்சிலை எடுத்தார். கை நின்றுவிட்டது.

ஒரு தடவை அடுக்குமாடிக் கூட்டத்தில், "வந்ததுக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் ஐயா" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். போட்டார். மறுநாள் பார்த்தால் அவர்தான் சங்கச் செயலாளர். மூன்று வருடம், லிஃப்ட் நின்றாலும் நாய் குரைத்தாலும் அவர் வீட்டு மணிதான் அடித்தது.

மாப்பிள்ளை நல்லவர்தான். அன்றைக்குக் காகிதம் நீட்டியவர்களும் நல்லவர்கள்தான்.

அதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். சட்டை முழுக்க முள்.

"கண்டுபிடிச்சுட்டுக் கமுக்கமா உக்காந்திருக்கீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"நீங்க முதல்ல எழுதுங்க சம்பந்தி" என்றார் குழாய்க்காரர்.

கணக்கு இதுதான். அவர் எழுதட்டும். வில்லங்கம் ஒன்றும் இல்லை என்றால், அதற்கு மேலே கொஞ்சம் இடம் இருக்குமே, அதில் தன் பெயரைச் சொருகிவிடலாம்.

சம்பந்தி முப்பது வருடம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பக்கத்தின் உச்சி விளிம்பில், மேலே ஓர் எறும்பு நுழையக்கூட இடம் விடாமல் எழுதினார். எழுதின கையோடு படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

நாலு மணி நேரம் ஏறி வந்து, தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று.

குழாய்க்காரரின் போன் அடித்தது. மகள்.

"அப்பா, நீங்கதாம்ப்பா முதல்ல! ஜெயிச்சுட்டீங்க!"

அவர் நோட்டைப் பிடுங்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். முத்து முத்தான குமாஸ்தா கையெழுத்தில், குழாய்க்காரரின் பெயர்.

சம்பந்தி தலையைச் சொறிந்தார்.

"ஆபீஸ் பழக்கம் சம்பந்தி. எந்த நோட்டு வந்தாலும், வேலை தலையில விழுந்துடுமேன்னு என் பேரை எழுதினதே இல்ல. பக்கத்து சீட்டுக்காரர் பேரைத்தான் எழுதுவேன். கை தானா எழுதிடுச்சு."

"யோவ், இது உங்க பையன் வெச்ச நோட்டுய்யா!"

"அதான் இன்னும் பயம்."

போனில் மகள் அவசரப்பட்டாள். "என்ன பேருப்பா? அவரு பேர் பதியற ஃபாரமும் பேனாவுமா உக்காந்திருக்காரு. சொல்லுங்க."

குழாய்க்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

நாலு மாதம் மல்லுக்கு நின்றாரே ஒழிய, பெயர் என்று ஒன்றை அவர் யோசிக்கவே இல்லை. சம்பந்தி வைத்துவிடக் கூடாது என்பது வரைக்கும்தான் யோசித்திருந்தார்.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, நீங்க என்ன பேரு நெனச்சு வெச்சிருந்தீங்க?"

சம்பந்தி நோட்டை டப்பாவுக்குள் வைத்தார். தவளையை வைத்தார். மூடியை அழுத்தி மூடினார். பிறகு திறந்து, தவளையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, மறுபடி மூடினார்.

"ஹலோ" என்றாள் மகள். "அப்பா? ஹலோ?"