ஈரத் துண்டு

"யோவ் மேல்வீட்டுக்காரரே! செடிக்குத் தண்ணி ஊத்துறியா, என் துண்டைத் துவைக்கிறியா?"

"துவைக்க வேண்டிய துண்டுதான்யா அது!" மேல் பால்கனியிலிருந்து பதில் பாய்ந்து வந்தது.

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து மாமனார் அறையை விட்டு வெளியே வருவதே இந்தச் சண்டைக்குத்தான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மருமகளுக்கு அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியவில்லை. அன்று மாலை முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

"மாமா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க சார். நீங்களும் கொஞ்சம் பார்த்து ஊத்தினா..."

சொல்லும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் பால்கனி தெரிந்தது. வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில்கூடச் செடி இல்லை, வெறும் மண்.

"எல்லாம் எப்பவோ பட்டுப்போச்சும்மா," என்றார் குவளையோடு நின்ற பெரியவர். "தண்ணி விழுந்தாத்தானே உங்க மாமனார் எழுந்து வர்றார்? அறைக்குள்ளயே முடங்கிக் கிடந்தா மனுஷன் என்னத்துக்கு ஆவார்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். மாமனார் பால்கனியில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். மேல்வீட்டுத் தொட்டிக்கு நேர் கீழே, அலமாரியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத துண்டு ஒன்று கொடியில் தொங்கியது.

"என்னம்மா, இன்னும் தண்ணி விழலையே? அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கார் மாமா. துண்டை உள்ளே எடுத்து வெச்சுடலாமே?"

"சும்மா இரும்மா. ஒண்டிக்கட்டை அவர். நான் கத்தலேன்னா நாள் முழுக்க அவர்கிட்ட பேச யார் இருக்கா?"

மேலிருந்து சொட்டென்று ஒரு துளி விழுந்தது. மாமனார் முகம் மலர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யோவ்!"