டப்பா சோதனை

"இந்த டப்பாவைத் திறந்து பாத்துடுங்க பாஸ். இதுல என்னமோ சூது இருக்கு."

சூப்பர்வைசர் தங்கராஜு ஓர் அலுமினியச் சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்தான். டப்பாவுக்குச் சொந்தக்காரியான அஞ்சலை கதவோரம் தலைகுனிந்து நின்றாள்.

உடையப்பன் கையில் அன்றைய பேப்பர். 'கணினி யுகத்தை முன்பே கண்டவர்' என்று அப்பா ஆதப்பனைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தார்கள். குடும்பத்து ரப்பர் தோட்டத்தை விற்று, எழுபத்து நாலில் மலேசியாவின் செனாவாங்கில் சர்க்கிட் போர்டு ஃபேக்டரி தொடங்கியவர். தோட்டத் தொழிலாளர் லயங்களில் கரண்டே இல்லாத காலத்தில், "வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரும்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவர். அவர் இறந்து இருபது நாள் ஆகிறது. நாளைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு தொழில்நுட்பப் பத்திரிகை நிருபர் வேறு வருகிறார்.

"திறக்க வேணாம். பொம்பளைங்க சாப்பாட்டு டப்பாவை நோண்டுற வேலையெல்லாம் அப்பாவோட போகட்டும்" என்றான் உடையப்பன்.

அந்தக் கெட்ட பேர் அவனுக்கும் தெரியும். தினம் காலை ஏழு மணிக்குத் தோட்டத்து பஸ் வந்து நின்றதும், அவ்வளவு பெரிய மனிதர் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெண்ணின் டப்பாவையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார். காலேஜ் லீவில் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து உடையப்பன் கூனிக் குறுகியிருக்கிறான்.

"எனக்கு ஒண்ணு புரியல. திருட்டுன்னா சாயங்காலம் வெளிய போறப்பதானே பாக்கணும்? காலையில எதுக்கு?"

"அதான் பாஸ் எங்களுக்கும் சந்தேகம்! சில பேர் டப்பாவைத் தூக்கினா மட்டும் 'அம்மாடி, என்ன கனம்!'ம்பாரு. அதுதான் சிக்னல் லா. அன்னிக்கு மத்தியானம் அவங்களை மட்டும் கேண்டீன் உள்ரூமுக்குக் கூப்பிடுவாங்க. கேட்டா, சமையல் ருசி பாக்கறாங்களாம்!"

"ருசியா?"

"உளவு பாஸ், உளவு. ஸ்டோர்ல நான் கொஞ்சம் கண் அசந்ததுகூடப் பெரிய முதலாளி காதுக்குப் போயிடுச்சு. அவரு படுக்கையில விழுந்ததுல இருந்து வாசல்ல காவல் நிக்கற ஜாகா சன்னாசிதான் தூக்கிப் பாக்கறாரு. இந்த அஞ்சலை மூணு மாசமா டெய்லி உள்ள போறா. லைன்ல ஒருத்தரும் இவகூடப் பேசறதில்ல. சரி, முதலாளியே போயிட்டாரு. இப்ப ரிப்போர்ட் யாருக்குப் போகுது?"

அந்தக் கேள்வி உடையப்பனைச் சுருக்கென்று தைத்தது. போட்டிக்கு நிற்கும் பக்கத்து ஃபேக்டரிக்காரன் முகம் மனசில் வந்து போனது.

"என்னம்மா, உள்ள போய் என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"பின்ன என்ன செஞ்ச?"

"சாப்ட்டேன்."

"திமிரைப் பாத்தீங்களா பாஸ்?"

உடையப்பனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நாளையிலருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

அஞ்சலை ஓரடி முன்னால் வந்தாள். "சார், புள்ளைங்க..." என்று ஆரம்பித்தவள் தங்கராஜுவைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். டப்பாவைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். வெற்றிக் களிப்போடு தங்கராஜுவும் போனான்.

அடுத்து உடையப்பன் ஜாகா சன்னாசியைக் கூப்பிட்டான்.

"இனிமே வாசல்ல யார் டப்பாவையும் தூக்கிப் பாக்கக் கூடாது. புரியுதா? இதை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க."

டப்பாவைக் கையில் எடுத்தவன் திகைத்தான். கனமே இல்லை. மணி பத்துகூட ஆகவில்லை.

"என்ன இது, காலியா இருக்கு?"

சன்னாசி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தினமும் காலிதான் தம்பி. புருஷன் லோரியில இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்கான். இருக்கற சோத்தைப் புள்ளைங்களுக்கு வச்சிட்டு வருது. வெறுங்கையோட வந்தா பஸ்ல நாலு பேரு கேப்பாங்கன்னு வெறும் டப்பாவைத் தூக்கிட்டு வருது. இது மாதிரி அப்பப்ப யாராச்சும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பெரியவரு தூக்கிப் பாத்தாரு. ருசி பாக்கற டூட்டி எல்லாம் சும்மா. எனக்கும் கேண்டீன்காரருக்கும் மட்டுந்தான் தெரியும்."

உடையப்பன் டப்பாவை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"அந்தப் பொண்ணு ஏன் வாயைத் தொறக்கல?"

"உளவாளின்னா தாங்கிக்கும். பட்டினின்னு ஊருக்குத் தெரிஞ்சா தாங்காது."

"அப்பாவாவது சொல்லியிருக்கலாமே? கடைசி வரைக்கும் கெட்ட பேரோடயே போயிட்டாரே!"

"நானும் கேட்டேன். 'சொல்லிட்டா, அப்புறம் யாருடா உள்ள வந்து சாப்பிடுவா'ன்னாரு."

சன்னாசியையே அன்று சாயங்காலம் அஞ்சலையின் லயத்துக்கு அனுப்பினான் உடையப்பன். டப்பாவைக் கொடுத்து, கட்டாயம் வேலைக்கு வரச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஏழு மணி. தோட்டத்து பஸ் வந்து நின்றது. வாசலில் உடையப்பன் நின்றிருந்தான். ஒவ்வொரு டப்பாவாக வாங்கித் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட நிருபர் முகத்தைச் சுளித்தார். தங்கராஜு அவர் காதோரம் போய், "அப்பன் புத்தி அப்படியே இருக்கு சார். சந்தேகப் பிராணிங்க" என்றான். நிருபர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். உடையப்பன் காதிலும் அது விழுந்தது. ஆனால் அவன் திரும்பவில்லை.

கடைசியாக அஞ்சலை வந்தாள். தயங்கித் தயங்கி டப்பாவை நீட்டினாள்.

உடையப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். முக்கி முனகித் தூக்கினான். பிறகு வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படிச் சொன்னான்:

"அம்மாடி, என்ன கனம்!"