எட்டுக் கலர் பார்டர்

எலி கடித்த முனையை வெட்டி, நெட் லைன் பார்க்க வந்த தன்வீர் புதுக் கனெக்டர் போட்டான். மோடத்தில் செருகினான். விளக்கு எரியவில்லை.

"எதிர்வீட்டு முனையில எட்டு ஒயரோட கலர் வரிசை வேற மாதிரி இருக்கும் போலக்கா. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் அங்க இருக்கிற கேமராவுக்கு நெட் போவும். யாரு போட்டது?"

"எதிர்வீட்டுக்காரர்தான். இருபது வருஷம் ஆவுது. அப்போ அங்க பிரவுசிங் சென்டர் வச்சிருந்தாரு, அங்கேர்ந்து எங்க வீட்டுக்கும் லைன் இழுத்தாரு" என்றாள் சங்கரி.

"போன் பண்ணிக் கேளுங்க."

"கேட்டேன். மறந்துட்டாராம். சாவியோட சென்னைக்குப் போயிருக்காரு."

"அப்போ புது கேபிள்தான். இதை அறுத்துடறேன்."

"அறுக்காதப்பா!"

உள்ளே ஓடிய சங்கரி, ஒரு பட்டுப்புடவையோடு வந்து பார்டரை விரித்தாள். "மேலேர்ந்து பாரு. காப்பிக்கலர், வெள்ளையில காப்பிக்கலர், பச்சை... எட்டுக் கோடு. அப்படியே அடுக்கு."

சிரித்துக்கொண்டே அடுக்கினான். பச்சை விளக்கு மினுக்கியது. தன்வீரின் சிரிப்பு நின்றது.

"எப்படிக்கா?"

"அவரு அந்த ஜன்னல்லேர்ந்து கலரு கலராக் கத்துவாரு. நான் இங்க ஒயரை அடுக்குவேன். ஒரு தடவை போட்டாப் போதும். நாங்க வேணும்னே பத்து நாள் போட்டோம். வீட்டுக்கு வீடு பட்டுத்தறி ஓடற பிள்ளையார்பாளையத்துல கலரைக் கத்தினா யாரு சந்தேகப்படுவாங்க? பார்டர் பேசிக்கினு இருக்கோம்னு நினைச்சாங்க."

"உங்க அப்பாவுமா?"

"தறியை விட்டுத் தலையே தூக்கல. எதிர்வீட்டுக்காரரைத்தான் கட்டிக்குவேன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, எங்க முகூர்த்தப் புடவைக்கு அப்பா இந்தப் பார்டரைப் போட்டு நெய்து வச்சிட்டாரு."